‘காலனி’ என்னும் சொல்: ரோமாபுரியிலிருந்து பாகூர் வரை

புதுச்சேரியின் கிராமப்புறத்திலிருந்து நகரக் கல்லூரிக்குச் சென்றுவரும் தலித் மாணவர் ஒருவர், ‘காலனி’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒரே நாளில் மூன்று பொருள்களில் கேட்க நேரிடும். வரலாற்று வகுப்பில் அது பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியைக் குறிக்கும். உயிரியல் வகுப்பில் பாக்டீரியாக் கூட்டத்தையோ வால்வாக்ஸ் பாசியையோ குறிக்கும். மாலையில் வில்லியனூர்ப் பக்கமோ பாகூர்ப் பக்கமோ பேருந்தை விட்டு இறங்கும்போது, “ஊரா, காலனியா?” என்று எவரேனும் கேட்டால், அங்கே அது அவருடைய சாதியைக் குறிக்கும். வகுப்பறையில் ஆசிரியர் இச்சொல்லை உச்சரித்தவுடன் பின்வரிசையில் எழும் சிரிப்புக்கு மூன்றாவது பொருளே காரணம் என்பதை, சிரிக்கப்படுபவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ‘காலனி’ என்னும் சொல் ஆதிக்கத்துக்கும் தீண்டாமைக்கும் அடையாளமாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அதிலிருந்து இச்சொல் குறித்து நிறையப் பேசப்படுகிறது. அது எங்கிருந்து வந்தது, எப்படி நம்மீது ஒட்டியது, ஒட்டியதை எடுப்பதால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பவற்றை ஓரிடத்தில் தொகுத்து வைப்பது களப்பணியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் என்று கருதுகிறோம். புதுச்சேரியை மையமாகக் கொண்டே பேசுகிறோம். ஏனெனில், காலனியாகவும் இருந்து காலனிகளையும் தனக்குள் வைத்திருக்கும் நிலம் இது.

உழுபவனின் பெயர்

‘காலனி’க்கு மூலம் ‘கொலோனியா’ என்னும் இலத்தீன் சொல். உழுதல், பயிரிடுதல் என்னும் பொருள்தரும் வினையிலிருந்து பிறந்தது. அதே வேரிலிருந்து வந்த ‘கொலோனுஸ்’ என்பதற்கு உழவன் என்று பொருள். ரோமானியர் தாம் வென்ற நாடுகளில், போர்ப்பணி முடித்த வீரர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்துக் குடியமர்த்திய ஊர்களையே ‘கொலோனியா’ என்றனர். ஜெர்மனியிலுள்ள கொலோன் நகரம் அந்தப் பெயரை இன்றும் சுமந்து நிற்கிறது. அந்த நிலம் தோற்றவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆயினும் குடியேறியவனைப் பொறுத்தவரை, காலனிக்குப் போவது என்றால் நிலம் பெறுவது என்றே பொருள்.

இந்தச் சொற்குடும்பம் ரோமாபுரியிலேயே ஒருமுறை வீழ்ந்தது. பேரரசின் பிற்காலத்தில் ‘கொலோனுஸ்’ சொந்த நிலம் உழும் உழவனாக இல்லாமல் பெருநிலக்கிழாரின் குத்தகையாளாக ஆனான். கி.பி. 332இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் பிறப்பித்த சட்டம், ஓடிப்போன கொலோனுஸைப் பழைய பண்ணைக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றது. ஓட நினைப்பவனுக்கு விலங்கு பூட்டவும் அனுமதித்தது. உழவன் என்ற சொல் பண்ணையாள் என்ற சொல்லாயிற்று. நம் பகுதியில் படியாள், பண்ணையாள் என்ற சொற்களின் பாரத்தை அறிந்தவர்கள் இந்த இலத்தீன் கதையை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

ஆங்கிலத்தில் இச்சொல் பல திசைகளில் பிரிந்தது. கடல் கடந்து பிடித்த நாடு காலனி. எறும்பும் தேனீயும் பென்குயினும் கூடி வாழ்வது காலனி. தொழுநோயாளரைத் தள்ளிவைத்த இடமும், தண்டனைக் கைதிகளை நாடுகடத்திய தீவும் காலனிகளே. ஓவியர்கள் விரும்பிச் சேர்ந்து வாழும் இடமும் காலனிதான். பிரெஞ்சு மொழியிலோ பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் தங்கும் முகாமுக்கும் இதே பெயர். செல்லமாகக் ‘கொலோ’ என்பார்கள். புதுச்சேரியில் ‘சொல்தா’ என்று அழைக்கப்படும் பிரெஞ்சுப் படை ஓய்வூதியர் குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. அங்கே ஒரு பிள்ளை மகிழ்ச்சியோடு ‘கொலோ’வுக்குப் புறப்படும் அதே நாளில், இங்கே இன்னொரு பிள்ளை தான் காலனி என்பதை மறைத்துக்கொண்டிருக்கக் கூடும்.

இந்தியாவில் இன்னொரு பொருள் சேர்ந்தது: திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்பு. ரயில்வே காலனி, ஆபீசர்ஸ் காலனி, டெல்லியின் டிஃபென்ஸ் காலனி ஆகியவற்றில் குடியிருப்போர் எவரும் அந்தச் சொல்லால் கூசியதில்லை. நகரத்தில் மதிப்பைக் கூட்டும் சொல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக் கிராமத்துக்குள் நுழைந்ததும் மதிப்பைப் பறிக்கிறது. எனவே இழிவு அந்தச் சொல்லின் ஒலியிலோ வேரிலோ இல்லை.

காலனிக்குள் காலனி

1674இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சு வணிகத் தளத்தை நிலைநிறுத்தினார். வில்லியனூரும் பாகூரும் 18ஆம் நூற்றாண்டின் நடுவில், டூப்ளே காலத்தில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தவை. பல கைமாறல்களுக்குப் பிறகு மிஞ்சிய பிரெஞ்சு நிலம் ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டுக்குள் திட்டுத்திட்டாகக் கிடந்தது. இன்றும் பாகூரிலிருந்து வில்லியனூர்ப் பகுதிக்குச் செல்பவர் வழியில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியே வர நேரிடுவது அதனால்தான். 1880 மார்ச் 12ஆம் நாள் ஆணைப்படி பிரெஞ்சு இந்தியாவில் ‘கொம்யூன்’கள் அமைக்கப்பட்டன. பிரெஞ்சு மொழியில் அது ஓர் ஊராட்சி அலகின் பெயர். ‘பொது’ என்னும் பொருள்தரும் வேரிலிருந்து வந்தது. வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளின் பெயர்ப்பலகைகளில் அச்சொல் இன்றும் இருக்கிறது. 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின் மீண்டும் நீண்ட வெற்றிடம். பொது என்று பெயர் பெற்ற அமைப்பில் பொதுமக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அமர்ந்திருந்த காலம் எவ்வளவு குறைவு என்பதற்காக இதைச் சொல்லிச் செல்கிறோம்.

பிரெஞ்சு ஆட்சி தலித் மக்களுக்குச் சில வாசல்களைத் திறந்தது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, இந்து அல்லது இசுலாமிய மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க வழிசெய்தது. இப்படித் துறந்தவர்களுள் தலித்துகளும் கிறித்தவர்களும் மிகுதி. ஆனால் நிலம் கைமாறவில்லை. சென்னை மாகாணத்தில் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், தலித்துகள் தாம் குடியிருக்கும் மனைக்குக்கூட உரிமையற்றவர்கள் என்று அரசுக்கு எழுதியதும், 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கான ஆணை வந்ததும் ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் நடந்தவை. எல்லைக்கோட்டுக்கு இப்பால், பிரெஞ்சு நிலத்தில் அந்த ஆணை செல்லாது. தமிழ்நாட்டில் பஞ்சமி நில மீட்பு ஓர் இயக்கமாக நிற்பதற்கு ஆவணம் உண்டு. அதே மண், அதே சாதி, அதே உழைப்பு இருந்தும் வில்லியனூர், பாகூர் தலித்துகளுக்கு அந்தப் பிடிமானம் இல்லாமற் போனதற்கு, எந்த ஐரோப்பியருடைய காலனி என்ற வேறுபாடே காரணம்.

1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியே ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டனர். 1853இல் மார்த்தினிக்கிலும் 1854இல் குவாதலூப்பிலும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றிலும் அவற்றைத் தொடர்ந்த கப்பல்களிலும் சென்றோரில் நிலமற்ற தலித் உழைப்பாளர்களும் இருந்தனர். ஒரு காலனியிலிருந்து இன்னொரு காலனிக்குப் போனார்கள், உழுதார்கள், இந்தப் பயணத்திலும் ‘கொலோனுஸ்’ என்பதன் பழைய பொருளான சொந்த நிலம் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. ஐரோப்பிய மொழிகள் நமக்குக் காலனியைக் கொடுத்தன. நம்மிடமிருந்து ஒரு சாதிப் பெயரை எடுத்துக்கொண்டன. பறையர் என்னும் பெயரே ஆங்கிலத்தில் ‘பாரியா’ என்றும், பிரெஞ்சில் ‘பரியா’ என்றும் ஆகி, ‘ஒதுக்கப்பட்டவர்’ என்ற பொதுச் சொல்லாயிற்று. பன்னாட்டு அரசியலில் ஒதுக்கிவைக்கப்பட்ட நாட்டை இச்சொல்லால் குறிப்பது இன்றும் ஆங்கில நாளேடுகளின் வழக்கம். 1922இல் பாரிசில் பிரெஞ்சுக் காலனிகளைச் சேர்ந்தவர்களின் சங்கம் ஓர் இதழ் தொடங்கியது. அதன் பெயர் ‘லெ பரியா’. அதை நடத்தியவர்களுள் ஒருவர், பின்னாளில் ஹோ சி மின் என்று அறியப்பட்ட வியட்நாமியர். அதே 1922இல்தான் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா முன்வைத்த தீர்மானத்தின் வழியே, பறையர், பஞ்சமர் என்ற அரசுப் பதிவுகளுக்கு மாற்றாக ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயர் ஏற்கப்பட்டது. ஒரு பக்கம் அந்தப் பெயரைக் களைந்தெறியும் போராட்டம்; மறுபக்கம் அதையே கொடியாகப் பிடித்த போராட்டம். இரண்டையும் தவறென்று நாம் சொல்லமாட்டோம். யார், யாரை, எதற்காக அழைக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனின் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான மாற்றமும் நிறைவேறியது. கீழூரில் நினைவுச்சின்னம் இருக்கிறது. பிரான்சின் காலனி அங்கே முடிந்தது. கொம்யூன்களின் கிராமங்களில், சாலையிலிருந்து பிரிந்து வயலுக்கு அப்பால் கிடந்த குடியிருப்புகள் முடியவில்லை. அவற்றுக்குப் ‘காலனி’ என்ற பெயர் ஊன்றியதே அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான்.

சேரி காலனியான கதை

அதற்கு முன் அவற்றின் பெயர் சேரி. இச்சொல்லும் ஒருகாலத்தில் இழிசொல்லாக இருக்கவில்லை. சேர்ந்து வாழும் இடம் சேரி. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு அந்தப் பிராமண ஊரின் பிரிவுகளையே ‘சேரி’ என்கிறது. பாகூரில் கிடைத்த நிருபதுங்க பல்லவனின் 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடு, அங்கிருந்த கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்ததைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று இறைப்புனைச்சேரி. வேதம் கற்பிக்க வருவாய் தந்த ஊரின் பெயரிலும் சேரி உண்டு. ஆனால் முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘ஊர்நத்தம்’ ஒருபுறமும் ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ ஆகியவை மறுபுறமுமாக வரிநீக்கிய நிலங்களின் பட்டியலில் வருகின்றன. பிரிவினை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் ஏறிவிட்டது. சேரி என்ற சொல் பிராமணர் தெருவிலிருந்து மெல்ல நீங்கித் தீண்டாதார் தெருவில் மட்டும் தங்கியது.

இதில் புதுச்சேரிக்கு ஒரு தனி வேடிக்கை உண்டு. 2006இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி ‘பாண்டிச்சேரி’யைப் ‘புதுச்சேரி’ ஆக்கியது. புதிதாக அமைந்த குடியிருப்பு என்பது அதன் பொருள். ஏறத்தாழக் ‘காலனி’ என்பதன் நேர்த் தமிழ். ஒன்றியப் பகுதி முழுவதும் சேரி என்னும் பெயரைப் பெருமையோடு சூடியிருக்கிறது. அந்தப் பெயரால் எவரும் முதலமைச்சரையோ துணைநிலை ஆளுநரையோ இழிவுபடுத்த முடியாது. கொம்யூன் கிராமத்தில் ‘சேரிக்காரன்’ என்றால் மட்டும் கைகலப்பு.

விடுதலைக்குப் பின் அரசு மனை ஒதுக்கியது. தொகுப்பு வீடுகள் கட்டியது. அந்தத் திட்டங்களின் கோப்புகளில் ‘அரிசன காலனி’, ‘ஆதிதிராவிடர் காலனி’ என்ற பெயர்கள் ஏறின. சேரி என்று சொல்வது நாகரிகமில்லை என்று எண்ணியவர்களுக்கு இந்த ஆங்கிலச் சொல் வசதியாக இருந்தது. அரசு கட்டித்தந்த ஓரறை வீட்டுக்குக் ‘காலனி வீடு’ என்றே பெயராயிற்று. பெயர்ப்பலகை எழுதுவோர் பல இடங்களில் ‘ன’கரத்தை விட்டு ‘ண’கரம் போட்டுக் ‘காலணி’ ஆக்கிவிடுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். செருப்பு என்று பொருள்படும் அந்தப் பிழை கண்ணில் பட்டும் எத்தனையோ ஆண்டுகள் திருத்தப்படாமல் நிற்பதை வெறும் எழுத்துப்பிழை என்று எடுத்துக்கொள்ள மனம் வருவதில்லை.

இடம் தேர்ந்ததில்தான் உண்மையான தீங்கு நேர்ந்தது. மனைக்கு நிலம் தேடும்போது பழைய சேரியை ஒட்டியோ அதைவிடத் தள்ளியோதான் பெரும்பாலும் கிடைத்தது. ஊருக்குள் எவரும் நிலம் தரவில்லை, அரசும் வற்புறுத்தவில்லை. தீண்டாமை வகுத்த வரைபடத்தின்மேல் நலத்திட்டம் சிமெண்டால் கோடு போட்டது. சில சென்ட் மனை கிடைத்தது. உழுவதற்கு நிலம் கிடைக்கவில்லை. பாகூர் ஏரிப் பாசனத்தில் விளையும் நெல்லுக்கு நாற்று நட்டும் அறுத்தும் வந்த கைகள் அதே வேலைக்குக் காலனியிலிருந்து நடந்து போயின.

அண்ணல் அம்பேத்கர் கேட்டது இதுவன்று. 1942இல் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாடு, தலித்துகளுக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானித்தது. 1947இல் அரசியலமைப்பு அவைக்காக அவர் எழுதிய ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ என்னும் ஆவணம் அதற்கு உருவம் கொடுத்தது. குடியேற்ற ஆணையம் ஒன்று, அரசின் தரிசு நிலங்கள், ஆண்டுதோறும் 5 கோடி ரூபாய் ஒதுக்கீடு என்று அது விரிகிறது. ஊரின் ஓரத்தில் ஊருக்கு உழைக்க வைக்கப்பட்ட குடியிருப்பு அவர் நோக்கமாக இருக்கவில்லை. தன் நிலத்தைத் தானே உழும் மக்களின் ஊரையே அவர் கேட்டார். இலத்தீன் மூலத்தின் பொருளில் பார்த்தால், காலனி என்று அழைக்கத் தகுந்தது அவர் கேட்ட அந்த ஊர்தான். நமக்குக் கிடைத்தது நிலம் நீங்கிய பெயர் மட்டும்.

பெயர் மாற்றம்

2020 டிசம்பரில் மகாராட்டிர அரசு, சாதிப் பெயர் தாங்கிய குடியிருப்புகளுக்குச் சமதா நகர், பீம் நகர் போன்ற பெயர்களைச் சூட்ட முடிவு செய்தது. 2024 ஜூனில் கேரள அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன், மக்களவைக்குத் தேர்வாகிப் பதவி விலகும் முன், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளை இனிக் ‘காலனி’ என்று அழைக்கக் கூடாது என்று ஆணையிட்டார். அந்த ஆணை நீக்கிய மற்றொரு சொல் ‘ஊரு’. கேரளத்தில் அது பழங்குடிக் குடியிருப்பின் பெயர். ஆதலால் அங்கே இழிவு தோய்ந்தது. நம் கிராமங்களில் ஆதிக்கச் சாதியினர் தம் பகுதிக்கு வைத்துக்கொண்ட பெயரும் ஊர்தான்! ஒரே திராவிடச் சொல் மலைக்கு அப்பால் தாழ்ந்தும் இப்பால் உயர்ந்தும் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2025 அறிவிப்பைத் தொடர்ந்து அக்டோபரில், சாதிப் பெயருள்ள தெருக்கள், குடியிருப்புகளின் பெயர்களை மாற்றுவதற்கான வழிகாட்டுதல்களை அரசு வெளியிட்டது.

இந்த ஆணைகள் அந்தந்த மாநிலத்தின் பதிவேடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் கோப்புகளுக்குத் தமிழ்நாட்டு அறிவிப்பு செல்லாது. வாய்க்காலின் அக்கரையில் நீங்கும் சொல் இக்கரையில் நீங்க வேண்டுமானால் புதுச்சேரி அரசு தனியே ஆணை பிறப்பிக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி ஒன்றியப் பகுதி மக்களில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். ஐந்து தனித்தொகுதிகளில் ஊசுடு, திருபுவனை, ஏம்பலம், நெட்டப்பாக்கம் ஆகிய நான்கும் இந்தக் கிராமப்புறத்தைச் சேர்ந்தவை. எனவே இதைக் கேட்க வேண்டிய இடம் எது என்பதில் ஐயமில்லை.

பெயர் மாற்றத்தை வெறும் பூச்சு என்று ஒதுக்கும் தோழர்களோடு நாம் முழுமையாக உடன்படவில்லை. முகவரி என்பது வேலை விண்ணப்பத்திலும் வங்கிக் கடனிலும் வாடகை வீடு தேடும்போதும் ஒருவருக்கு முன்னே போய் நிற்பது. அதிலிருந்து சாதியை எடுத்தால் ஓர் இடத்திலாவது ஒரு பிள்ளைக்குக் கதவு திறக்கும். ஆனால் தள்ளிவைத்த குடியிருப்பு தள்ளியே இருந்தால் அடுத்த பெயரும் கறைபடும். ‘அம்பேத்கர் நகர்’ என்ற முகவரியைக் கேட்டதும் சிலர் முகத்தில் தோன்றும் மாற்றத்தைக் காணாதவர் நம்மில் குறைவு. சேரிக்கு நேர்ந்தது காலனிக்கு நேர்ந்தது, நகருக்கும் நேரலாம்.

புகாரில் எழுத வேண்டியது

களப்பணியாளர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவு, பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றமாக்குகிறது. ‘காலனிக்காரன்’ என்பது சாதிப் பெயரா? “சாதியைச் சொல்லவில்லை, இருப்பிடத்தைத்தான் சொன்னேன்” என்று எதிர்த்தரப்பு வாதிட இடமிருக்கிறது. இடக்கரடக்கலாக வந்த சொல் இப்போது வசைபாடுபவருக்குக் கேடயமாகிறது.

ஆகவே இத்தகைய நிகழ்வுகளில் 3(1)(ஆர்) பிரிவையும் சேர்த்து எழுதவேண்டும். இழிவுபடுத்தும் எண்ணத்தோடு பொதுப்பார்வையில் அவமதிப்பதோ மிரட்டுவதோ அதன்படி குற்றம். சாதிப் பெயரை உச்சரித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ‘ஸ்வரண் சிங்’ வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், ஒரு சொல் இழிவா என்பதை அதன் மூலப்பொருளை வைத்து முடிவு செய்யாமல், இன்றைய புழக்கத்தில் அது எப்பொருளில் வழங்குகிறது என்பதை வைத்தே பார்க்கவேண்டும் என்றது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ‘ஆறுமுகம் சேர்வை’ வழக்கில் 2011இல் அதே அணுகுமுறையைப் பின்பற்றித் தண்டனையை உறுதிசெய்தது. மறுபுறம், ‘ஹிதேஷ் வர்மா’ வழக்கில் 2020இல், நான்கு சுவருக்குள் பிறர் பார்வையின்றி நடந்தது இப்பிரிவில் வராது என்றும், அவமதிப்பு சாதியை முன்னிட்டதாக இருக்கவேண்டும் என்றும் கூறியது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் முதல் புகாரிலேயே இடம்பெற வேண்டியவை தெளிவாகும். சொன்ன சொற்களை அப்படியே எழுத வேண்டும்; ‘அவதூறாகப் பேசினார்’ என்று சுருக்கக் கூடாது. அந்தக் கிராமத்தில் ‘காலனி’ என்பது பட்டியல் சாதியினர் வாழும் பகுதியை மட்டுமே குறிக்கும் என்பதைத் தனி வாக்கியமாக எழுத வேண்டும். இயலுமானால் வாக்காளர் பட்டியல், வரி ரசீது, மின் கட்டண அட்டை ஆகியவற்றில் அப்பெயர் இருப்பதைக் காட்டும் நகலை இணைக்கலாம். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் முன்பே பழக்கமுண்டு என்பதையும் குறிப்பிடவேண்டும். அப்போது, சாதி அவருக்குத் தெரிந்திருந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க 8ஆம் பிரிவு வழிசெய்கிறது. நிகழ்ந்த இடத்தில் நின்றிருந்தவர்களின் பெயர்களும் வேண்டும்.

பாதை, இடுகாடு, குளம், கிணறு ஆகியவற்றைப் பயன்படுத்தத் தடுப்பது 3(1) பிரிவின் ‘இசட்ஏ’ உட்பிரிவில் தனிக் குற்றம். ‘காலனிக்கு வழி கிடையாது’ என்று சொல்லப்படும் இடங்களில் சொல்லும் செயலும் ஒரே நாளில் நிகழ்கின்றன. வசைக்கு மட்டும் புகார் எழுதி வழிமறிப்பை விட்டுவிடும் பிழையை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பெயர் மாற்றம் கோரி கொம்யூன் பஞ்சாயத்துக்கு மனு எழுதும்போதும் அதே தாளில் மனைப்பட்டா, இடுகாட்டுப் பாதையின் புல எண், குடிநீர்த் தொட்டி இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேட்கலாம். மனுவைக் கொடுத்ததற்கான ஒப்புகையைத் தேதியோடு பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.